வயதானவர்களுக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் மனதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

முன்பு அறுவைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தபோதும், இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும்போதும் குடும்பத்தார் என்னிடம் கேட்டவை இவை. தையல் எப்போது பிரிப்பார்கள், எப்போது குளிக்கலாம் என்பதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டுவிடுவார்கள். மனதைப் பற்றிக் கேட்கத்தான் கூச்சம். துணிந்து கேட்டாலும், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்துப் படுக்கைக்காரரே பதில் சொல்லிவிடுவார். அந்த வாக்கியத்தோடு எனக்குத் தீராத சண்டை. இங்கே இருப்பது பொதுவான விளக்கம்; எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது. இந்த வயதில் ஆபரேஷனை அவர் மனது தாங்குமா?

வயதை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன, தானாக எழுந்து நடக்கிறாரா, சமீபத்தில் எடை குறைந்ததா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 78 வயதிலும் தினமும் கரைக்குப் போய் மீன் விலையில் தலையிடுகிற பெரியவர், 62 வயதில் கட்டிலை விட்டு இறங்காதவரைவிட நன்றாகத் தேறுவார்.

மனதைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. புற்றுநோய் என்று தெரிந்ததும் இளையவர்கள் படும் கலக்கத்தைவிட முதியவர்கள் படும் கலக்கம் சராசரியாகக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நம் பகுதியில் எனக்கு அது வியப்பாக இல்லை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதைப் பிள்ளை வயதில் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை உடைப்பது பெரும்பாலும் நோயின் பெயர் கிடையாது. தன்னைக் கேட்காமலேயே எல்லாம் முடிவாகிறது என்ற எண்ணம்தான் உடைக்கிறது.

அறுவைக்கு முன் மயக்க மருந்து மருத்துவரிடம் சில விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: மறதி இருக்கிறதா, முன்பு காய்ச்சலிலோ ஆபரேஷனிலோ பிதற்றியது உண்டா, காது கேட்குமா, கண் தெரியுமா, குடிப்பாரா, புகையிலை போடுவாரா, தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. கடைசி மூன்றையும் மருமகன் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

"சாதாரணக் கட்டிதான்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். நோயின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டுமா?

பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சாதாரணக் கட்டிக்கு அவ்வளவு தூரம் யாரும் கூட்டிப்போவதில்லை. மருத்துவமனை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார். மகன் வாசலில் நின்றுகொண்டு, உதட்டில் விரலை வைத்து, "சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்" என்று எனக்குச் சைகை காட்டுவார். உள்ளே போனால் அப்பா, "பையனுக்கு நான் தெரிந்துகொண்டது தெரிய வேண்டாம், தாங்க மாட்டான்" என்பார். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருப்பார்கள். பயத்தை இறக்கி வைக்க வீட்டில் ஆளில்லாமல் போவதுதான் இதில் மிச்சம்.

சட்டப்படியும், சுயநினைவோடு இருக்கும் ஒருவரின் அறுவைக்கு அவருடைய சம்மதம்தான் தேவை. என்ன எடுக்கப்போகிறார்கள் என்று தெரியாமல் வைக்கும் கைநாட்டு சம்மதமாகாது. மார்பகமோ குரல்வளையோ போய்விட்டது என்பதைக் கண் விழித்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் பிறகு யாரையும் நம்புவதில்லை. அந்தக் கோபம் ஆறப் புண்ணைவிட அதிக நாள் ஆகும்.

எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "டாக்டர் என்ன சொன்னதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நீங்கள் பொறுத்துக்கொண்டால் அவரே பேசுவார். அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள். "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பெரியவனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவு, மதித்து விட்டுவிடுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களே அப்படி முடிவு செய்வதுதான் தவறு.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்கிறார்களே?

பரவாது. ஊரில் இப்படிப் பேச்சு வரக் காரணம் உண்டு. நோய் முற்றிய பிறகு போனவர்களைத் திறந்து பார்த்து, எடுக்க வழியில்லாமல் மூடி அனுப்பியிருப்பார்கள். அவர் சீக்கிரம் இறந்தால் பழி கத்தி மேல் விழும். எடுக்கக்கூடிய நிலையில் எடுப்பதே பல புற்றுநோய்களுக்கு முதல் மருந்து.

எல்லாம் தயாரான பிறகு, முந்தின நாள் இரவு "வேண்டாம், ஊருக்குப் போகலாம்" என்கிறார். பயமா, பிடிவாதமா?

"பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதற்குப் பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். மயக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டோம் என்பது முதலாவது. இதற்கு மயக்க மருந்து மருத்துவர் படுக்கைக்கே வந்து ஐந்து நிமிடம் பேசினால் போதும். உறவினர் பத்துப் பேர் பேசுவதைவிடப் பலன் அதிகம். எழுந்த பிறகு எப்படி இருப்போம் என்பது இரண்டாவது: குழாய்கள், பை, தழும்பு, வலி. இதே அறுவை முடிந்து தேறிய ஒருவரைக் கண்ணில் காட்டினால் அந்தப் பயம் பாதியாகும்.

மூன்றாவது பணம். இதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். உண்மையில் மகளின் சங்கிலி அடகுக்குப் போனது அவர் காதில் விழுந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் பிள்ளைகள் துணைக்கு இருக்க முடிகிற காலமும் அதுதான், கையில் காசில்லாத காலமும் அதுதான். கணக்கை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய் அறுவைகள் அதில் வருகின்றன. அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, "இதில்தான் நடக்கிறது" என்று காட்டுங்கள். அன்றிரவு அவர் தூங்குவார்.

இவ்வளவுக்குப் பிறகும், விஷயம் புரிந்தே வேண்டாம் என்றால், அது அவர் உரிமை. வேறு சிகிச்சை என்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அழுது மிரட்டிச் சம்மதம் வாங்காதீர்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு அப்பா யாரையோ பார்த்துப் பேசுகிறார், குழாயைப் பிடுங்குகிறார், என்னையே யார் என்று கேட்கிறார். மனநிலை தவறிவிட்டதா?

இதற்குப் பெயர் டெலிரியம். உடலில் நடக்கும் ஏதோ ஒரு கோளாறு மூளையைத் தற்காலிகமாகக் குழப்புகிறது. பெரிய அறுவைக்குப் பிறகு முதியவர்களிடம் மிகவும் சாதாரணம். அறுவையின் தன்மையைப் பொறுத்து நூற்றுக்கு 15 முதல் 50 பேருக்கு வரலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் தொடங்கும். காலையில் தெளிவாகப் பேசுவார், பொழுது சாய்ந்ததும் குழம்புவார். மருத்துவர் சுற்றுக்கு வருவது காலையில் என்பதால், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று எழுதிவிட்டுப் போவதும் நடக்கும். இரவில் பார்த்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன செய்தார், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்து வைத்துக் காட்டுங்கள்.

குழப்பத்தில் பலருடைய கைகள் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடும். ஒரு பெரியவர் இரவு முழுவதும் சிறுநீர்க் குழாயைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். மகள் அழுதுகொண்டே கையைப் பிடித்தாள். "விடு, காற்று மாறுகிறது, வலை மாட்டிக்கொண்டது" என்று அவளை அதட்டினார். வலையில்லாத ஊர்க்காரராக இருந்திருந்தால் வேறு எதையோ இழுத்திருப்பார். கருவாடு காயப்போடும் பாட்டி போர்வையை விரித்து விரித்து அடுக்குவார். பேயும் பிடிக்கவில்லை, பைத்தியமும் பிடிக்கவில்லை.

காரணத்தைத் தேட வேண்டும். கிருமித் தொற்று, அடக்க முடியாத வலி, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைவது, ஆக்சிஜன் குறைவது, சிறுநீர் அடைப்பு, பல நாள் மலச்சிக்கல், சில மருந்துகள் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருக்கும். இது அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டிய அவசரம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பம் செய்யக்கூடியது நிறைய உண்டு. மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். மயக்கம் தெளிந்ததும் மாட்டிவிடுங்கள். பல்செட்டும் அப்படியே. பகலில் சன்னல் வெளிச்சம் படட்டும், இரவில் விளக்கைக் குறையுங்கள். "அப்பா, இது மதுரை ஆஸ்பத்திரி, இன்று வியாழக்கிழமை, நான் உங்கள் சின்ன மகள்" என்று அவர் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருங்கள். மருத்துவர் அனுமதித்ததும் எழுப்பி உட்கார வையுங்கள், நாலு எட்டு நடக்க வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். இவையெல்லாம் பாட்டி வைத்தியம் போலத் தோன்றலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதைத் தாண்டிய உள்நோயாளிகளுக்கு ஏறக்குறைய இவற்றைத்தான் முறையாகச் செய்தார்கள். டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர், பொது மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள். ஆனாலும் அறுவைப் பிரிவுகளும் இன்று இதே வழியில்தான் போகின்றன.

அவர் காண்பதை "அப்படி ஒன்றும் இல்லை" என்று வாதாட வேண்டாம். "ஆமாம், படகு வருகிறது" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "பயமாக இருக்கிறதா, நான் இருக்கிறேன்" என்பது போதும். கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் குழப்பத்தை அதிகமாக்கும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த ஆள் தினம் மாறாமல், அவருக்கு நன்றாகத் தெரிந்த முகமாக இருக்கட்டும். ஊரிலிருந்து வேன் பிடித்துப் பார்க்க வருபவர்களை இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் அம்மா அப்படியெல்லாம் ரகளை செய்யவில்லை. தூங்கிக்கொண்டே இருக்கிறார். நல்லதுதானே?

எழுப்பிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொன்னால் களைப்பு. பாதியில் பேச்சு நழுவினால், கொடுத்த கஞ்சியை விழுங்க மறந்து வாயிலேயே வைத்திருந்தால், இதுவும் டெலிரியம்தான். முதியவர்களிடம் இந்த அமைதியான வகைதான் அதிகம், அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். தொல்லை கொடுக்காத நோயாளியை வார்டில் எல்லோருக்கும் பிடிக்கும் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

பிதற்றல் நிற்காவிட்டால், மனநோய் தீர வேண்டிப் பலர் போகும் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகலாமா?

நம் பகுதியில் இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறித்தவரானாலும் இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் குறைவு. தர்காவின் மீதுள்ள நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அறுவை முடிந்து சில நாட்களில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் நிமோனியாவோ, உள்ளே சீழ் கட்டியதோ இருக்கலாம். அந்த நேரத்தில் மருத்துவமனையை விட்டு வெளியே கூட்டிப்போவது உயிருக்கு ஆபத்து. குடும்பத்தில் ஒருவர் போய் துஆ கேட்டுவிட்டு வரட்டும். நோயாளி படுக்கையிலேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் குழப்பம் இருந்தால், யார் சொன்னாலும் கட்டிப்போடவோ அறையில் பூட்டவோ கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

அப்பா தினமும் குடிப்பவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து தொடவில்லை. நல்ல காலம்தானே?

அளவாக மகிழுங்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இல்லாததைக் காண்பது, சிலருக்கு வலிப்பு வரலாம். அது உயிரை எடுக்கக்கூடியது. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். "எப்போதாவது விசேஷத்துக்கு" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து "தினமும் ஒரு குவார்ட்டர்" என்று சொன்னவர்கள் உண்டு.

வெற்றிலையோடு புகையிலை போட்டவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை வரும். வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்தவருக்குத் திருட்டுத்தனமாகப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கும் நண்பரை வாசலிலேயே நிறுத்துங்கள். தூக்க மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டவர்கள் கதை வேறு: புதிதாகக் கொடுத்தால் குழப்பம் வரும், பழகியவருக்கு சட்டென்று நிறுத்தினாலும் குழப்பம் வரும். மருத்துவரிடம் விடுங்கள்.

குழப்பம் போய்விட்டது. பழைய ஞாபகசக்தி திரும்புமா?

பலருக்கும் சில வாரங்களில் திரும்பிவிடும். சிலருக்குச் சில மாதங்கள். மறதி முன்பே மெல்லத் தொடங்கியிருந்தவர்களுக்கு அறுவை அதை வெளியே காட்டிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் பணக்கணக்கு, பழகிய வழி இவற்றில் தடுமாறினால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். குழப்பத்தில் பேசிய கெட்ட வார்த்தைகளைச் சொல்லிச் சிரிக்காதீர்கள். சிலருக்கு அரைகுறையாக நினைவிருக்கும், வெட்கத்தால் குன்றிப்போவார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் எதற்கு இருக்கிறேன்" என்கிறார். கவலையா, நோயா?

உடலில் ஒரு பாகத்தை இழந்தவர் துக்கப்படத்தான் செய்வார். அந்தத் துக்கம் ஏறி இறங்கும். பேத்தி வந்தால் முகம் மலரும், பிடித்த மீன் குழம்பு வாசனைக்குக் கொஞ்சம் சாப்பிடுவார். இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக நாள் முழுவதும், எதுவுமே அவரைத் தொடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.

நம் முதியவர்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை. உடம்பு அசதி, நெஞ்சு அடைப்பு, தலை பாரம், வயிறு எரிச்சல் என்பார்கள். பசியின்மையும் தூக்கமின்மையும் புற்றுநோயாலும் வரும், மருந்தாலும் வரும், மனச்சோர்வாலும் வரும் என்பதால் மருத்துவர்களே தடுமாறுவார்கள். எனவே வேறு அடையாளங்களைப் பாருங்கள்: வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற பேச்சு, பழைய பாவத்துக்குத் தண்டனை என்ற பேச்சு, வானொலியில் மீனவர் வானிலை அறிக்கையைக்கூடக் கேட்க விருப்பமில்லாமல் போவது, மருத்துவமனைக்கு மறு தேதி வேண்டாம் என்பது.

சாவைப் பற்றிப் பேசினால், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டவரிடம் மனது திறக்கும். ஆம் என்றாலோ, திடீரென்று சொத்தைப் பிரித்துக் கொடுத்து எல்லோரிடமும் விடைபெறுவது போல நடந்தாலோ, தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். வயதான ஆண்களிடம், அதிலும் மனைவியை இழந்தவர்களிடம், கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் எச்சரிக்கை அதிகம் கொடுப்பதில்லை.

இலேசான சோர்வுக்கு என் அனுபவத்தில் நல்ல மருந்து வேலை. வலையில் கிழிந்த கண்ணைச் சரிசெய்ய உட்கார்ந்த இடத்திலேயே முடியும். ஓலைக் கொட்டான் முடையவும், பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லவும் முடியும். "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று எல்லாவற்றையும் கையிலிருந்து பிடுங்கும் அன்பு இருக்கிறதே, அது ஆளைக் கட்டிலோடு கட்டிவிடும்.

மனநல மாத்திரை பழக்கமாகிவிடாதா? கீமோ மருந்தோடு ஒத்துப்போகுமா?

மனச்சோர்வுக்கான மருந்துகள் சாராயம் போல் அடிமையாக்குவதில்லை; ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முதியவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவும் ஆகும்; மூன்றாம் நாள் "ஒன்றும் ஆகவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள். வயதானவர்களுக்குச் சில மருந்துகள் இரத்த சோடியத்தைக் குறைக்கும் என்பதால் பரிசோதனை கேட்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்துகளில் பாரோக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் ஆகிய இரண்டும் டாமாக்சிஃபெனின் வேலையைத் தடுக்கக்கூடியவை. வேறு மருந்துகள் இருக்கின்றன.

அம்மாவுக்கு 68 வயது. மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். இந்த வயதில் அதற்குப் போய் வருத்தப்படுவாரா?

படுவார். பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். சேலையை இழுத்து இழுத்து மூடுவது, கல்யாண வீட்டுக்குப் போகாமல் தவிர்ப்பது, கண்ணாடி பார்க்காமல் பொட்டு வைப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம் கிடைக்கிறது. புண் ஆறும்வரை மென்மையான துணியில் பஞ்சு வைத்துத் தைத்ததே போதும். ஒரு பக்கம் எடை இல்லாமல் போனால் தோளும் முதுகும் வலிக்கும் என்பதால் இது அலங்காரத்துக்கு மட்டுமான விஷயமில்லை. இதைப் பற்றி மகளோ மருமகளோ பேச்சைத் தொடங்கினால் நல்லது.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் "எப்போது கடலில் இறங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும், சின்ன வெட்டுக்கூடச் சீழ் பிடிக்கும். பாறையிலும் பவளக் கல்லிலும் கை உரசாமல் பாசி எடுக்க முடியாது. விரலில் துணி சுற்றுவது போதாது, தடித்த கையுறை வேண்டும். அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை கரையில் பாசி காயவைப்பது, தரம் பிரிப்பது என்று குழுவோடு இருக்கட்டும். வேலை போனதைவிடக் கூட்டம் போனதுதான் இவர்களுக்கு வலிக்கிறது.

வாப்பாவுக்குக் குடலில் அறுவை, வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். சுத்தமில்லை என்று பள்ளிவாசலுக்கே போக மறுக்கிறார்.

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இதை அடிக்கடி கேட்கிறேன். நோயைவிட இந்த வருத்தம்தான் அவரை வீட்டுக்குள் அடைக்கிறது. கட்டுப்படுத்த முடியாமல் கழிவு வெளியேறுபவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்து தொழலாம் என்பது அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது. வாப்பா மதிக்கும் ஆலிமை (மார்க்க அறிஞரை) வீட்டுக்கு அழைத்து, அந்த ஆலிம் வாயால் சொல்ல வையுங்கள். நீங்களோ நானோ சொன்னால் ஏற்க மாட்டார்.

மற்றபடி நடைமுறைதான்: பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்தால் கசியாது, வாசனை வந்தால் ஒட்டும் தகடு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். முதல் தடவை அவரே தன் கையால் பையை மாற்றும் நாள் முக்கியமானது. சுற்றி நின்று முகத்தைச் சுளிக்கும் ஆளை அன்று கடைக்கு அனுப்பிவிடுங்கள். பை தற்காலிகமா, நிரந்தரமா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

குரல்வளையை எடுத்த பிறகு அப்பா எல்லார் மேலும் எரிந்து விழுகிறார். கையில் கிடைத்ததை எறிகிறார்.

படகில் இருந்து கரைக்குக் கேட்கும்படி கத்திப் பழகியவர் இப்போது தண்ணீர் கேட்கக் கையைத் தட்ட வேண்டியிருக்கிறது. எறியத்தான் செய்வார். எழுதத் தெரிந்தவருக்குச் சிலேட்டு. தெரியாதவருக்குத் தண்ணீர், வலி, கழிப்பறை, மூச்சு, மனைவி என்று படம் வரைந்த அட்டை. இதை அறுவைக்கு முன்பே பழக்கிவிட்டால் பாதிக் கோபம் வராது. பேச வழி இருக்கிறது: மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் பொருத்தும் சிறு குரல் வால்வு, கழுத்தில் வைத்துப் பேசும் கருவி, உணவுக்குழாய் வழியாகக் காற்றை விட்டுப் பேசும் பயிற்சி. பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. குரல்வளை முழுவதையும் எடுத்தவர் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். கழுத்தளவு நீர்கூட அவரை மூழ்கடித்துவிடும். கடலில் இறங்கக் கூடாது, அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடக் கூடாது, இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளியால் தலையில் ஊற்றிக்கொள்ளக் கூடாது. நேர்த்திக்கடன் இருந்தால் கையில் தொட்டுத் தெளித்துக்கொள்ளட்டும். கடல் இனி இல்லை என்பதும் அவர் கோபத்தில் ஒரு பங்கு. அதைச் சொல்லிப் பேசுங்கள்.

தனித் தட்டு, தனி டம்ளர் வைக்க வேண்டுமா?

வேண்டாம். புற்றுநோய் தொற்றாது. தனித் தட்டைப் பார்த்த அன்றே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆபரேஷனுக்கு முன் பங்குத்தந்தையை அழைத்து நோயில் பூசுதல் கொடுத்தால், "சாகப்போகிறேன்" என்று பயப்பட மாட்டாரா?

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இந்தத் தயக்கம் இருக்கிறது. குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் அது, சாகும் நேரத்துக்கு மட்டுமான சடங்கு என்பது பழைய எண்ணம். கடுமையான நோயாளிகளுக்கும், பெரிய அறுவைக்குப் போகிறவர்களுக்கும் அதைக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் வழிகாட்டல். அப்பாவையே கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மறு பரிசோதனைத் தேதி நெருங்கினாலே தூக்கம் போய்விடுகிறது, வயிறு கலங்குகிறது.

நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் அது. அநேகமாக எல்லோருக்கும் வரும். முடிவு வந்ததும் தணியும். ஸ்கேன் எடுத்த நாளுக்கும் முடிவு சொல்லும் நாளுக்கும் நடுவே அவரைத் தனியாக விடாதீர்கள். மாதக்கணக்கில் தணியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாமனாரைப் பார்த்துக்கொள்வது நான்தான். எனக்கே எரிச்சல் வருகிறது, பிறகு குற்ற உணர்ச்சி. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட மருமகள்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பகலில் சமையல், இரவில் பை மாற்றுவது, நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கணவர் கடலில். "நல்ல பெண், எல்லாம் செய்கிறாள்" என்ற பாராட்டு மட்டும்தான் கூலி. எரிச்சல் வருவது இயற்கை. உங்கள் குணக்கேடு இல்லை. தூக்கம் கெட்டவர் யாராலும் பொறுமையாக இருக்க முடியாது.

இரவு முறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மகன்களும் மலம் துடைக்கலாம். கற்றுக்கொடுக்க நான் வருகிறேன். நலம் விசாரிக்க வரும் உறவினரிடம், "இரண்டு மணி நேரம் உட்காருங்கள், நான் கடைக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஆரஞ்சுப் பழத்தைவிட அது பெரிய உதவி. உங்களுக்கே சாப்பாடும் தூக்கமும் போய், அழுகை நிற்காவிட்டால், மேலே மனச்சோர்வைப் பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

மனநல உதவிக்கு எங்கே போவது?

முதலில் அறுவை செய்த மருத்துவரிடமே சொல்லுங்கள். அவரே மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

தொலைபேசியில் பேச 14416. இது அரசின் டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும், தமிழில், கட்டணமில்லாமல் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சலோடு குழப்பம், மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது மருந்துச் சீட்டுகளும், மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளும், மூக்குக்கண்ணாடியும் கையில் இருக்கட்டும்.